ரெண்டு பேட்டரிக்கு ஒரே ஃப்யூஸ் போதுமாமே!

வயர்மேன்:
"ஆடியோவுக்காக கார் டிக்கியில ரெண்டாவது பேட்டரி வெச்சா, முன் பேட்டரி பக்கத்துல ஒரே ஒரு ஃப்யூஸ் போதும்"னு நேத்து ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. ரெண்டையும் இணைக்கிற கேபிளுக்கு ரெண்டு முனையிலயும் பேட்டரி. நடுவுல எங்கயோ சீட் ரெயில்ல உரசி, இன்சுலேஷன் கிழிஞ்சு பாடியைத் தொடுதுன்னு வைங்க. முன் ஃப்யூஸ் போயிடும், சரி. பின் பேட்டரி? அது பாட்டுக்கு ஷார்ட்ல கொட்டிக்கிட்டே இருக்கும். ரெண்டு பக்கமும் பேட்டரியிலருந்து 45 செ.மீ.க்குள்ள ஒவ்வொரு ஃப்யூஸ் வேணும்.

டெசிபல்தாசன்:
எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாமே, என்ன கூச்சம்? ஃப்யூஸ் சீரிஸ்ல இருக்கு சார். ஒண்ணு போனா லைன் கட். ரெண்டு போட்டா கேபிள் முனையில மாட்டுற லக் நாலு, நட்டு நாலு, அத்தனை இடத்துலயும் வோல்டேஜ் டிராப்.

வயர்மேன்:
ஒரு பேட்டரியிலருந்து இன்னொண்ணுக்குக் கரண்ட் போறப்பதான் அது சீரிஸ். பாடிதான் நெகட்டிவ். நடுவுல பாடியைத் தொட்டா ரெண்டும் தனித்தனி சர்க்யூட். டிராப்பா? லக்கை ஒழுங்கா நசுக்கி கிரிம்ப் பண்ணி நட்டை இறுக்கினா மில்லிவோல்ட் கணக்குதான்.

ஆல்ட்டர்நேட்டர்:
ரெண்டாவது பேட்டரியே எதுக்குங்க? தொடர்ந்து 1000 வாட் (ஆர்.எம்.எஸ்.) தர்ற கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர், 80% எஃபிஷியன்சின்னா 1250 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்ல அது 90 ஆம்பியர். எஞ்சின் ஓட்டத்துல கரண்ட் தயாரிக்கிற ஆல்ட்டர்நேட்டரே 90 ஆம்பியர்னா, அதுல வண்டி தனக்கே 30, 40 எடுத்துக்கும். எஞ்சின் ஓடுறப்ப வோல்டேஜ் 14-ல நிக்கிற வரைக்கும் பின் பேட்டரியும் அதுலருந்து கரண்ட் இழுக்குற ஒரு லோடுதான்.

டெசிபல்தாசன்:
எஞ்சினை ஆஃப் பண்ணிட்டுப் பாட்டு கேக்குறவன் எங்க போவான்?

புதுசு:
அண்ணே, கரண்டைச் சேத்து வெச்சு சட்டுனு தர்ற 1 ஃபேரட் கப்பாசிட்டர் போட்டா சரியாயிடாதா?

வயர்மேன்:
14 வோல்ட்லருந்து 12-க்கு இறங்குறப்ப அது தர்றது 26 ஜூல். 1000 வாட்டுக்கு 26 மில்லிசெகண்ட். ஒரு பேஸ் அடிக்குக் கூடக் காணாது தம்பி.

புதுசு:
அப்ப ரெண்டு பேட்டரியையும் தானா சேர்த்துப் பிரிக்கிற ஐசொலேட்டர் ரிலே போட்டா, ஒரு ஃப்யூஸ் போதுமா?

டெசிபல்தாசன்:
போதும். எஞ்சின் நின்னா ரிலே பிரிச்சு விட்டுடும்.

வயர்மேன்:
ரிலே எங்க இருக்கு? பானட்டுக்குள்ள. அங்க பிரிஞ்சா, அதுலருந்து டிக்கி வரைக்கும் கேபிள் முழுக்க பின் பேட்டரியால உயிரோடதான் இருக்கும். வோல்டேஜ் பாத்து வேலை செய்யற ரிலே 13.3 கிட்ட சேரும், 12.8 கிட்ட பிரியும். ஷார்ட்டை அது கண்டுக்காது. அதிக கரண்ட்ல கான்டாக்ட் ஒட்டிக்கிட்டா அந்த வேலையும் போச்சு.

டெசிபல்தாசன்:
சரிங்க மேதை. 4 கேஜ் கேபிள், 250 ஆம்பியர் ஃப்யூஸ் ஒண்ணு. இதுல எங்க தப்பு?

வயர்மேன்:
ஐயோ! ஃப்யூஸ் உருகறதுக்குள்ள கேபிள் உருகிடும். ஃப்யூஸ் ஆம்ப்ளிஃபயருக்கு இல்ல, கேபிளுக்கு. சுத்தமான செம்புல 4 கேஜ்னா 21 சதுர மி.மீ., அதுக்கு 100 ஆம்பியர் ஃப்யூஸ், மிஞ்சிப் போனா 150. 250 வேணும்னா 1/0 கேஜ், 53 சதுர மி.மீ. அலுமினியத்துல செம்பு பூசின கேபிள்னா அதை விடவும் கம்மியாப் போடணும்.

டெசிபல்தாசன்:
இப்ப கேபிளுக்குத் தாவிட்டாரு. போன மாசமும் இப்படித்தான், ஆசிட் பேட்டரிக்கு ஒரு பாட்டு.

வயர்மேன்:
சாதா ஆசிட் பேட்டரியைப் பின் சீட்டுக்குப் பின்னாடி வைக்கச் சொன்னது நீங்க! சார்ஜ் ஏறுறப்ப தீப்பிடிக்கிற ஹைட்ரஜன் விடும். வண்டிக்குள்ளன்னா ஆசிட் சிந்தாத, சீல் பண்ணின ஏ.ஜி.எம். பேட்டரி, அதையும் ஆடாம இறுக்கிக் கட்டணும்னு அன்னிக்கும் சொன்னேன்.

ஆல்ட்டர்நேட்டர்:
புது வண்டிகள் பலதுல இ.சி.யூ.ங்கிற எஞ்சின் கம்ப்யூட்டர் ஆல்ட்டர்நேட்டர் வோல்டேஜைத் தாழ்த்திடும். அப்ப 13.3 வராது, ரிலே சேராமலே கிடக்கும். கம்மி வோல்டேஜையும் ஏத்தி பின் பேட்டரியை சார்ஜ் பண்ற டிசி-டிசி சார்ஜர்தான் வழி. என் பேச்சை யாரு கேக்குறா.

டெசிபல்தாசன்:
ஒரே ஃப்யூஸ் போதும். சொன்னது சொன்னதுதான்.

வயர்மேன்:
பின் பேட்டரி ஷார்ட்டை எது நிறுத்தும்? நாலாவது தடவையா கேக்குறேன்.

டெசிபல்தாசன்:
உங்க வாயை எது நிறுத்தும்னு நானும்தான் கேக்குறேன்.

புதுசு:
அண்ணே, ரிலே 140 ஆம்பியர் வாங்கவா, 200 வாங்கவா?