புதுப்பிப்பு: பத்துக் கட்ட விளையாட்டு, பீன்ஸ் விதைக்குப் பதில் புளியங்கொட்டை

வரிசைக்கு ஐந்தாக இரண்டு வரிசையில் பத்து இடம் உள்ள, பிள்ளைகள் பத்துவரை எண்ணிப் பழகும் கட்டம்தான் பத்துக் கட்டம். அதற்கு அட்டையும், காயாக வைக்கக் காய்ந்த பீன்ஸ் விதையும் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். கொடைக்கானலின் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அது தாங்காது. ஈரக்காற்றில் அட்டை வளைகிறது, விதை பூசணம் பிடிக்கிறது. மாற்றிச் செய்யும் முறை இது.

முப்பது முட்டை வைக்கும் தட்டு ஒன்றை வாங்குங்கள். பிளாஸ்டிக் தட்டுதான் வேண்டும், காகிதக் கூழ்த் தட்டு மூட்டத்தில் நைந்துவிடும். அதில் 5க்கு 6 குழிகள் இருக்கும். இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் 2க்கு 5 என மூன்று கட்டங்கள் கிடைக்கும். வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், பிள்ளைகள் விரலைக் கிழித்துக்கொள்ளக் கூடாது.

காய்க்குப் புளியங்கொட்டை 10. தாய விளையாட்டுக்குச் செய்வது போல, ஒரு பக்கத்தை மட்டும் சிமெண்ட் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்க்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஆழமாகத் தேய்த்தால் அந்தப் பக்கம் தட்டையாகி அதுவே அடியில் படுக்கும், எப்போதும் பழுப்பே தெரியும். தோல் போனதும் நிறுத்துங்கள்.

பத்தையும் குலுக்கிப் போட்டு, வெள்ளையை இடமிருந்து அடுக்கி, மிச்சக் குழியில் பழுப்பை வைக்கச் சொல்லுங்கள். "நாலு வெள்ளை, அப்போ பழுப்பு எத்தனை?" என்று கேளுங்கள். எண்ணாமல் "ஆறு" என்று வந்தால் வெட்டி வைத்த இரண்டாவது பத்துக் கட்டத்தையும் சேர்க்கலாம், அதுவரை அவசரம் வேண்டாம்.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் கொட்டையைக் கைக்கெட்டாமல் வையுங்கள். தொண்டையில் சிக்கும்.