மறு: 'ஓகே'வுக்கு ஒரே சொல் போதுமா?

> பொத்தானில் 'சரி' நிலைத்துவிட்டது. நெல்லின் ஈரப்பதம் பார்க்கும் செயலியில் வரும் 'ஓகே'வுக்கும் அதையே போடலாம். 'சபாஷ்' என்றும் ஒரு யோசனை வந்திருக்கிறது.

ஐயா, வணக்கம்.

பொத்தானில் இருக்கும் 'சரி'யைக் கிளற வேண்டாம், அது இருக்கட்டும். என் வழக்கெல்லாம் நெல்லை அளந்தபின் திரையில் வரும் 'ஓகே'வோடுதான்.

முதலில் 'சபாஷ்'. திருவையாற்றில் நல்ல ஆலாபனைக்கு அது பொருந்தும். காய்ந்த நெல்லுக்குப் போட்டால் மூட்டையோடு நிற்பவர் சிரித்துவிடுவார். ஆங்கிலத்திலும் 'ஓகே' பெரிய பாராட்டாகப் பிறந்ததில்லை. வேண்டுமென்றே பிழையாக எழுதிச் சொற்களைச் சுருக்குவது 1830களில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களின் விளையாட்டு. 'ஆல் கரெக்ட்' என்பதை 'ஓல் கொரெக்ட்' ஆக்கி, அதன் ஆங்கில முதலெழுத்துகளான 'ஓ.கே.'வை 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' அச்சிட்டது. மறு ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் கிண்டர்ஹுக் ஊர்க்காரரான மார்ட்டின் வான் பியூரனை 'ஓல்ட் கிண்டர்ஹுக்' என்று சொல்லி, அவர் ஆட்கள் இதே எழுத்துகளைக் கோஷமாக்கினார்கள். அவர் தோற்றார், சொல் பிழைத்துக்கொண்டது. இதையெல்லாம் 1960களில் துருவி எடுத்தவர் ஆலன் வாக்கர் ரீட் என்ற அமெரிக்கச் சொல்லாய்வாளர். ஆக, அடிப்பொருள் 'குறையில்லை' என்பதுதான். "படம் எப்படி?" என்றால் நம் பிள்ளைகள் உதட்டைப் பிதுக்கி "ஓகே" என்பதும் அந்த அளவில்தான்.

அப்படியானால் 'சரி' போதாதா? போதாது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு பொதுவாக 17 சதவீதம். மழை கெடுத்த பருவங்களில் மத்திய அரசு தளர்த்துவதுண்டு. கருவி 16.5 காட்டி, கீழே 'சரி' என்று வந்தால் அது 'பார்த்துவிட்டேன்' என்பதா, 'எடுத்துக்கொள்கிறேன்' என்பதா? எங்கள் பக்கம் "சரி, பாப்போம்" என்றாலே பாதி மறுப்பு. ஈழத்தாரின் 'ஓம்' தெளிவான சொல்தான், ஆனால் இங்கே அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

என் பரிந்துரை: 'தேறியது', 'தேறவில்லை'. "இந்த மூட்டை தேறும், அது தேறாது" என்று களத்திலேயே பேசுகிறோம். புதிதாக யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மன்னார்குடியிலிருந்து

---

> என் பரிந்துரை: 'தேறியது', 'தேறவில்லை'.

அண்ணே, சொல் பிடித்திருக்கிறது. ஆனால் மொட்டையாகப் போடாதீர்கள். ஈரப்பதம் தேறினால் நெல் தேறியதாகிவிடாது. பதர் இருக்கிறது, நிறம் மாறிய மணி இருக்கிறது, முளைத்த மணி இருக்கிறது. திரையில் 'தேறியது' என்பதைக் காட்டி நிலையத்தில் ஒருவர் சண்டைக்கு நின்றால் யார் பதில் சொல்வது? 'ஈரப்பதம்: தேறியது' என்று முழுதாக வரட்டும்.

மோட்டாரைக் காட்டும் திரையில் வரும் 'ஓகே'வுக்கும் இதை இழுத்துவிடாதீர்கள். அங்கே 'ஓடுகிறது' போதும்.

திருவாரூரிலிருந்து