நான்கு வயது மகளின் கஸ்டடி: நீதிமன்றம் எதைப் பார்த்து முடிவு செய்யும்?

திருப்பூர்_அப்பா:

வணக்கம். நானும் மனைவியும் பிரிந்து இருக்கிறோம். மகன் நான்காம் வகுப்பு, திருப்பூரில் என்னுடனும் என் அம்மாவுடனும் இருக்கிறான். மகளுக்கு நான்கு வயது. மனைவி போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு மதுரையில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார், அங்கேயே எல்கேஜி சேர்த்தும் விட்டார்கள். ஆடி மாதத்திலிருந்து மகளைப் பார்க்க விடவில்லை, போன் செய்தால் எடுப்பதில்லை. இப்போது மதுரை குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்து மனு போட்டு எனக்கு சம்மன் வந்திருக்கிறது. மகனையும் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறார்.

நான் ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்க்கிறேன், ஷிப்மென்ட் நேரத்தில் வீட்டுக்கு வர இரவு பத்து ஆகிவிடும். அதையும் மனுவில் எழுதியிருக்கிறார்கள்.

சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஐந்து வயதுக்குள் இருந்தால் அம்மாவுக்குத்தான், ஆசைப்படாதே என்கிறார் ஒருவர். அவளுக்கு வருமானமே இல்லை, இரண்டு பிள்ளைகளும் உனக்குத்தான் என்கிறார் இன்னொருவர். பெரியப்பா சொல்வதுதான் மனதைப் போட்டுக் குடைகிறது: நீ பெற்ற அப்பன், ஸ்கூலுக்கே போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா, எந்தக் கேஸும் நிற்காது என்கிறார். உண்மையில் ஜட்ஜ் எதைப் பார்த்து முடிவு செய்வார்? சம்பளம் பார்ப்பார்களா? மகனிடம் கேட்பார்களா? அண்ணனையும் தங்கையையும் பிரித்துவிடுவார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை_வக்கீல்:

முதலில் அந்த ஸ்கூல் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள் சார். பெற்ற அப்பா கூட்டிக்கொண்டு போனதற்குக் கடத்தல் கேஸ் பொதுவாக நிற்காது என்று உங்கள் பெரியப்பா சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் கஸ்டடி வழக்கில் உங்களுக்கு எதிராக எதிர்த்தரப்பு காட்டப்போகும் முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும். எல்கேஜி படிக்கும் குழந்தையை டீச்சர் முன்னால் இழுத்துக்கொண்டு போனவர் என்ற பெயர் வந்தால், அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு நல்ல அப்பா என்று சொன்னாலும் காதில் ஏறாது. கௌரவ் நாக்பால் வழக்கைப் படித்துப் பாருங்கள், 2008 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பையன் வருடக்கணக்காக அப்பாவிடமே வளர்ந்திருந்தான், ஆனால் நீதிமன்ற உத்தரவுகளை மீறி வைத்துக்கொண்டிருந்த காலத்தைக் காட்டி உரிமை கேட்க முடியாது என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்தார்கள்.

இதே கண்ணால் உங்கள் மனைவி செய்ததையும் நீதிமன்றம் பார்க்கும். அப்பாவைப் பார்க்கவே விடாமல் வைத்திருப்பது அவருக்கும் நல்லதல்ல. அதனால் நீங்கள் போன் செய்தது, எடுக்காதது, வாட்ஸ்அப்பில் மரியாதையாகக் கேட்டது எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். கோபத்தில் ஒரு வரிகூட அனுப்பாதீர்கள், அதுவும் பிரின்ட் எடுத்து ஃபைலில் வரும்.

இனி ஐந்து வயது விஷயம். 1956ஆம் ஆண்டு இந்து இளவர் (மைனர்), காப்பாளர் (கார்டியன்) சட்டத்தின் 6ஆம் பிரிவு, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. ‘சாதாரணமாக’ என்று இருப்பதால் விதிவிலக்குக்கு இடம் உண்டு, ஆனால் அது சின்ன இடம். 2015இல் ரொக்சான் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது என்னவென்றால், தாய் தகுதியில்லாதவர் என்று சொல்லும் அப்பாதான் அதை நிரூபிக்க வேண்டும், தாய் தன் தகுதியை நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. நீங்கள் எழுதியதில் அவர் குழந்தையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று ஒன்றும் இல்லை. அதனால் மகள் இப்போதைக்கு அம்மாவிடம் இருப்பார் என்றே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். உங்கள் சண்டை முழுவதும் அவளைப் பார்க்கும் உரிமைக்காக இருக்கட்டும், அதில் உங்கள் கை வலுவாகவே இருக்கிறது.

அப்பாதான் கார்டியன், அதனால் பிள்ளை அப்பாவுக்கு என்று யாராவது சொன்னால் அதையும் விட்டுவிடுங்கள். கீதா ஹரிஹரன் வழக்கில், 1999இல், தாயும் இயற்கைக் காப்பாளர்தான் என்று தீர்ந்துவிட்டது. தவிர அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. 1890ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவில் குழந்தையின் வயது, பால், மதம், கேட்பவரின் குணம், திறன், குழந்தையோடு அவருக்கு இருந்த உறவு என்று வரிசையாக இருக்கிறது. விவரம் தெரிந்த வயது என்றால் குழந்தையின் விருப்பத்தையும் கேட்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. எந்த வயது என்று சட்டம் சொல்லவில்லை, அது ஜட்ஜின் கணிப்பு. உங்கள் மகனுக்கு ஒன்பது வயது இருக்கும் என்று நினைக்கிறேன், பெரும்பாலும் சேம்பருக்கு, அதாவது ஜட்ஜின் தனி அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசுவார்கள்.

சம்பளம் பார்ப்பார்கள், ஆனால் உங்கள் சொந்தக்காரர் நினைக்கிற மாதிரி இல்லை. அம்மாவுக்கு வருமானம் இல்லை என்றால் பிள்ளையை அப்பாவிடம் கொடு என்று அர்த்தமில்லை, அப்பா ஜீவனாம்சம் கட்ட வேண்டும் என்றுதான் அர்த்தம். உங்கள் பக்கம் எடுத்துச் சொல்ல வேண்டியது மகனின் இப்போதைய வாழ்க்கை: அதே ஸ்கூல், அதே நண்பர்கள், பாட்டி வீட்டில் இருக்கிறார், படிப்பு தடைபடவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வாழ்க்கையைக் கலைக்க எந்த நீதிபதியும் யோசிப்பார்.

மாசி_வீதி:

நான் அம்மா தரப்பில் இதே நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியவள், அதனால் சொல்கிறேன். வக்கீல் சார் சொன்னது எல்லாம் சரி, ஆனால் உள்ளே போனால் சட்டப் பிரிவைப் பற்றி யாரும் உங்களிடம் கேட்க மாட்டார்கள் அண்ணா. கோர்ட்டில் இரண்டு தரப்பிடமும் பேசும் ஆலோசகர், அதாவது கவுன்சிலர், கேட்டதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். காய்ச்சல் வந்தால் யார் டாக்டரிடம் கூட்டிப் போவது, பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு யார் போவது, எந்தப் பாடம் வராது, இரவு என் மகன் யார் பக்கத்தில் படுப்பான். என் கணவர் அவன் கிளாஸ் டீச்சர் பெயர் தெரியாமல் விழித்தார், அது கவுன்சிலர் ரிப்போர்ட்டில் வந்தது. நீங்கள் இரவு பத்துக்கு வருகிறீர்கள் என்றால் அதை மறைக்காதீர்கள். அந்த நேரத்தில் பாட்டி என்ன செய்கிறார், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று உள்ளபடி சொல்லுங்கள். கம்பெனியில் பேசி நேரத்தை மாற்றிக்கொள்ள முடிந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள், கோர்ட்டுக்காக இல்லை, பையனுக்கே அது வேண்டும்.

இன்னொன்று. மனைவியைப் பற்றிக் கண்டதையும் கவுன்ட்டரில், அதாவது மனுவுக்கு நீங்கள் போடும் பதிலில், எழுதச் சொல்வார்கள். நடத்தை சரியில்லை, மனநிலை சரியில்லை என்று ஆதாரமில்லாமல் எழுதினால் கேஸ் பலமாகும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எழுதவே எழுதாதீர்கள். என்னைப் பற்றியும் எழுதினார்கள். அதற்குப் பிறகு பேசித் தீர்க்க இருந்த வழியும் அடைந்துபோனது. அந்தக் காகிதம் ஃபைலில் அப்படியே கிடக்கும், நாளைக்கு அந்தப் பிள்ளையே படிக்கலாம்.

எங்களுக்கு கடைசியில் சமரச மையத்தில்தான் முடிந்தது. மாதத்தில் இரண்டு வார இறுதி அப்பாவிடம், கோடை விடுமுறையில் பாதி, தீபாவளி ஒரு வருடம் அங்கே பொங்கல் இங்கே, மறு வருடம் மாற்றி. வாரத்துக்கு சில நாள் வீடியோ கால். இதை வாயால் பேசி விட்டுவிடாதீர்கள், எத்தனை மணிக்கு யார் கூட்டி வந்து விடுவது என்பது வரை எழுதி உத்தரவாக வாங்குங்கள்.

ரதவீதி_ராஜா:

இவ்வளவு இழுப்பதற்கு நேராக ஹைகோர்ட் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாமே? என் நண்பர் ஒருவர் போட்டார், போலீஸ் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தியது. கீழ்க்கோர்ட் என்றால் வாய்தாவுக்கு மேல் வாய்தா.

வைகைக்கரை_வக்கீல்:

ராஜா சார், குழந்தை பெற்ற தாயிடம் இருக்கும்போது அதைச் சட்டவிரோதக் காவல் என்று சொல்ல முடியாது, பெரும்பாலும் குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2019இல் தேஜஸ்வினி கௌட் வழக்கில் ஆட்கொணர்வு மனு செல்லும் என்றார்கள், ஆனால் அங்கே தாய் இறந்துவிட்டார், குழந்தை தாயின் உடன்பிறந்தவர்களிடம் இருந்தது, கேட்டவர் அப்பா. இவர் கதை வேறு.

வாய்தா பற்றிச் சொன்னது நியாயமான வருத்தம்தான். அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன், பிரதான வழக்கு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இடைக்கால மனு, நாங்கள் ஐ.ஏ. என்போம், அதை முதல் வாய்தாவிலேயே போட வேண்டும். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடம் என்பது பெரிய காலம், பார்க்காமலே இருந்தால் அப்பா முகம் மறந்து ஒதுங்க ஆரம்பித்துவிடும், அப்புறம் ‘குழந்தை வர மாட்டேன் என்கிறது’ என்று அதையே காரணம் காட்டுவார்கள். இடைக்காலமாக என்ன ஏற்பாடு ஓடுகிறதோ அதுதான் பல வழக்குகளில் நிரந்தரமாக ஆகிறது. இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது.

முதலில் கோர்ட் வளாகத்திலேயே ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் என்று கொடுப்பார்கள். அவமானமாக நினைக்காமல் ஒரு முறைகூடத் தவறாமல் போங்கள். ஒழுங்காக நடந்தால் அடுத்து வெளியே கூட்டிப்போக, அப்புறம் இரவு தங்க என்று கேட்கலாம்.

அப்பா_அம்மா_இரண்டு_வீடு:

எட்டு வயதில் என்னை ஜட்ஜ் சேம்பருக்குக் கூட்டிப்போனார்கள். இப்போது கல்லூரி முடித்துவிட்டேன். ஒன்றே ஒன்று சொல்ல வந்தேன் சார். உங்கள் மகனிடம் ‘உள்ளே போய் இப்படிச் சொல்’ என்று யாரையும் சொல்ல விடாதீர்கள், பாட்டியையும்தான். எனக்கு இரண்டு பக்கமும் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த அம்மா ஜட்ஜ் சாக்லேட் கொடுத்து முதலில் கிரிக்கெட் பற்றிக் கேட்டார், அதற்குப் பிறகு கேட்ட கேள்விக்கெல்லாம் நான் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன், அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ‘என்ன சொன்னாய்’ என்று கேட்டார்கள் பாருங்கள், அதுதான் ரொம்பக் கொடுமை. நீங்கள் அதைக் கேட்கவே கேட்காதீர்கள். அவன் அம்மாவைத் தேடினால் தேடட்டும், உங்கள் மேல் பாசம் குறைந்ததாக ஆகாது. அம்மாவிடம் அவன் போனில் பேசுகிறானா?

திருப்பூர்_அப்பா:

எல்லோருக்கும் நன்றி. தம்பி, நீங்கள் கேட்டது உறைத்தது. மனைவி மகளைக் காட்டாததால் நானும் அவனைப் பேச விடவில்லை. இன்று மாலை அவனையே நம்பர் போட்டுப் பேசச் சொல்கிறேன், நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.

பெரியப்பாவிடமும் சொல்லிவிட்டேன், ஸ்கூலுக்கு யாரும் போகப்போவதில்லை. வக்கீல் சாருக்கு ஒரு கேள்வி: மகளுக்காக மனு திருப்பூரில் போட வேண்டுமா, மதுரையிலா? பிள்ளைகள் இருவரும் சேர்ந்து இருக்கும்படி கேட்க வழி உண்டா?

வைகைக்கரை_வக்கீல்:

தனியாகக் காப்பாளர் சட்டத்தில் போட்டால் குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும், பிரிவு 9. திருப்பூர்தான் அவள் ஊர் என்று வாதாடிப் பார்க்கலாம், ஆனால் ஸ்கூல் சேர்த்துவிட்டதால் எந்த ஊர் என்பதிலேயே மாதக்கணக்கில் போய்விடும். அவர் விவாகரத்து மனு மதுரையில் இருப்பதால், இந்துத் திருமணச் சட்டம் 26ஆம் பிரிவில் அதே வழக்கிலேயே நீங்கள் மனு போடலாம், எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. அலைச்சல் உங்களுக்குத்தான், தெரியும். ஆனாலும் ஒரே நீதிபதி இரண்டு பிள்ளைகளையும் பார்ப்பார்.

அண்ணன் தங்கையைப் பிரிக்காமல் வைக்கவே நீதிமன்றம் விரும்பும், ஆனால் சேர்த்து வைப்பது என்றால் இரண்டும் அம்மாவிடம் என்றுகூட முடியலாம், அதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். எந்த உத்தரவும் கல்லில் செதுக்கியது இல்லை. நம் மெட்ராஸ் ஹைகோர்ட்டிலிருந்து போன ரோசி ஜேக்கப் வழக்கிலேயே, 1973இல், சூழ்நிலை மாறினால் கஸ்டடி உத்தரவையும் மாற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஐ.ஏ.வில் உங்கள் வக்கீலிடம் சொல்லி இதைச் சேருங்கள்: நீங்கள் மகளைப் பார்க்க வரும் நாளில் மகனையும் அழைத்து வர அனுமதி, அவன் அம்மாவோடு அன்று சில மணி நேரம் இருக்க உங்கள் சம்மதம். வீடியோ கால் இரண்டு பக்கமும். 2020இல் யஷிதா சாஹு தீர்ப்பில் வீடியோ காலில் பேசும் உரிமை பற்றித் தெளிவாக இருக்கிறது, அந்தப் பக்கத்தையும் இணைக்கச் சொல்லுங்கள். மகளின் ஸ்கூல் ஃபீஸை இப்போதே பேங்க் மூலம் அனுப்ப ஆரம்பித்துவிடுங்கள், உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். சம்மனில் இருக்கும் தேதிக்கு நேரில் வந்துவிடுங்கள்.