டூல் ஆவணத்தில் யூனிட்: டிஸ்கிரிப்ஷனில் ஒரு வரி போதுமாம்!

டீச்பென்டன்ட்:
ஏஐ மாடல் (ஏஜென்ட்) ரோபோவை இயக்க அழைக்கிற கட்டளைகளுக்கு (டூல்) ஆவணம் எழுதறது பத்தி, பக்கத்து இழையில் ஸ்கீமாநேசன் எழுதியது இது: "ஏஜென்ட்டுக்குக் கொடுக்கிற ரோபோ டூலுக்கு ஆவணம் சின்னதா இருக்கணும். யூனிட்டை டிஸ்கிரிப்ஷன்ல ஒரு வரி போட்டா போதும், மாடல் புரிஞ்சுக்கும்." படிச்சுட்டு சும்மா கடந்து போக முடியல. யுனிவர்சல் ரோபாட்ஸ் ஸ்கிரிப்ட்டில் நிலை மீட்டர், கோணம் ரேடியன். கூக்கா, ஃபேனக், ஏபிபி மூணிலும் நிலை மில்லிமீட்டர். ஒரே செல்லில் (ரோபோக்கள் வேலை செய்யுற அடைப்பில்) ரெண்டு பிராண்டு இருந்தா ஏஜென்ட் ரெண்டு டூலையும் மாத்தி மாத்தி அழைக்கும். மீட்டர் டூலுக்கு 250 போனா எட்டாத இடம்னு கன்ட்ரோலரே எரர் கொடுத்துடும். மி.மீ. டூலுக்குச் சார்பு நகர்வா (இப்ப இருக்கிற இடத்திலேர்ந்து இவ்வளவு நகர்னு) 0.25 போனா? கால் மில்லிமீட்டர் நகர்ந்து "சக்சஸ்" வரும், ஏஜென்ட் அடுத்த படியா வெறும் காத்துல கிரிப்பரை (பொருளைப் பிடிக்கிற கையை) மூடும். பாராமீட்டர் பேரே "எக்ஸ்_எம்எம்" னு இருக்கணும்.

ஸ்கீமாநேசன்:
பேருக்கு வால் ஒட்டுறது பழைய பழக்கம் சார். ராஸ் (ரோபோ மென்பொருள் தளம்) உலகத்துல ரெப் 103 னு ஒரு அளவுத் தரம் இருக்கு: மீட்டர், ரேடியன், வலக்கை அச்சு. எல்லா டூலும் அதையே வாங்கட்டும், ரேப்பர் (நடுவுல இருந்து யூனிட் மாத்துற நிரல்) உள்ளே மாத்திக்கும். ஸ்கீமாவில் (டூல் என்ன மதிப்பு வாங்கும்னு சொல்ற வரையறையில்) மினிமம் -1.3, மேக்ஸிமம் 1.3 போட்டா 250 வாசல்லயே நிக்கும்.

டீச்பென்டன்ட்:
250 நிக்கும்னு நானே சொல்லிட்டேன். 0.25-க்குப் பதில் சொல்லுங்க. ரேப்பர் இல்லாத மி.மீ. டூலில் எல்லை -1300 முதல் 1300 வரை, 0.25 அதுக்குள்ள அழகா உட்காரும். ரேப்பர் போட்டாலும் ஏஜென்ட் லாக் மீட்டர்ல, பென்டன்ட் (ரோபோவை ஓட்டுற கைப்பெட்டி) திரை மி.மீ.ல. ராத்திரி ஷிஃப்ட்ல கோளாறு பார்க்கிறவர் ரெண்டையும் மனசுல பெருக்கிக்கிட்டு நிக்கணுமா? அந்த "ஒரு வரி"யும் பொய்யாகும். கூக்காவில் நிலை மி.மீ., நேர்கோட்டு வேகம் மட்டும் மீட்டர்/வினாடி. "எல்லாம் மி.மீ." னு தலைப்புல எழுதினா வேகத்துக்கு 250 போகும். எக்ஸ்_எம்எம், வேகம்_எம்பிஎஸ். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா.

வெல்டிங்லைன்:
ரெண்டு பேரும் யூனிட்டையே பிடிச்சுத் தொங்குறீங்க. சுழற்சியை யார் எழுதுவா? கூக்காவின் ஏ, பி, சி-யும் ஃபேனக்கின் டபிள்யூ, பி, ஆர்-உம் ஒரே கோணங்கள், எண்கள் மட்டும் தலைகீழ் வரிசை. ஏபிபி குவாட்டர்னியனில் (சுழற்சியைச் சொல்ற நாலு எண்: டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட்) டபிள்யூ முதல்ல, ராஸில் கடைசியில. 1,0,0,0 ஏபிபி-க்கு "சுழற்சி இல்லை". அதே நாலு எண்ணை ராஸ் வரிசையில் படிச்சா எக்ஸ் அச்சில் 180 டிகிரி, ரோபோ கை நுனியில மாட்டின கருவி தலைகீழா நிக்கும். குவாட்டர்னியனோட நீளம் ரெண்டிலும் 1, அதனால அந்த நீளத்தைச் சரிபார்க்கிற வேலிடேஷன் பிடிக்காது.

டீச்பென்டன்ட்:
என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறீங்க. வெறும் அர்ரே (பேரில்லாத எண் வரிசை) வேண்டாம், க்யூ_டபிள்யூ, க்யூ_எக்ஸ் னு பேர் வெச்ச நாலு புலம். நிலைக்கு எக்ஸ்_எம்எம்.

ஸ்கீமாநேசன்:
போன மாசம் கிரிப்பர் இழையில் "பாராமீட்டர் குறைவா இருக்கட்டும்" னு எனக்கே பாடம் எடுத்தது நீங்கதான். இப்ப ஒரு போஸுக்கு (நிலையும் சுழற்சியும் சேர்ந்து) ஏழு புலம், ஒவ்வொண்ணுக்கும் வால்.

டீச்பென்டன்ட்:
அங்கே திற, மூடு னு ரெண்டே செயல், அதுக்கு நீங்க பதினோரு பாராமீட்டர் வெச்சிருந்தீங்க. அதை இங்கே இழுக்காதீங்க.

சேஃப்டிகேட்:
இதைவிடப் பெரிய ஓட்டை டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கிற கெடு முடியறது). டூல் எப்ப பதில் தரும்? கட்டளையை ஏத்துக்கிட்டதுமா, இயக்கம் முடிஞ்சதுமா? ஆவணத்தில் இது இல்லைன்னா, 30 வினாடியில் டைம்அவுட் வந்ததும் ஏஜென்ட் மறுபடி அழைக்கும். "50 மி.மீ. கீழே போ" னு சார்பு நகர்வா இருந்தா 100 மி.மீ. இறங்கி ஃபிக்ஸ்சர்ல இடிக்கும். "டைம்அவுட் வந்தால் மறுபடி அழைக்காதே, முதலில் நிலை_படி டூலை அழை" னு டிஸ்கிரிப்ஷனிலேயே கட்டளையா எழுதணும்.

ஸ்கீமாநேசன்:
எம்சிபி-யில் (ஏஜென்ட்டையும் டூலையும் இணைக்கிற நெறிமுறை) ஐடெம்பொட்டன்ட் ஹின்ட் (மறுபடி அழைச்சாலும் விளைவு மாறாது), டெஸ்ட்ரக்டிவ் ஹின்ட் (சேதம் பண்ணலாம்) எல்லாம் எதுக்கு? ஃபால்ஸ், ட்ரூ போட்டா முடிஞ்சது.

சேஃப்டிகேட்:
பேரே ஹின்ட். நம்பகமான சர்வர்லேர்ந்து வராத ஹின்ட்டை நம்பக் கூடாதுன்னு அந்த விவரக்குறிப்பே சொல்லுது. கிளையன்ட் அதைக் கண்டுக்காமலும் போகலாம். டி1 முறையில் (கையால மெதுவா ஓட்டிப் பார்க்கிற முறை) 250 மி.மீ./வினாடி வரம்பைக் காப்பாத்துறது சேஃப்டி கன்ட்ரோலர், உங்க ஜேசன் (ஸ்கீமாவும் ஹின்ட்டும் எழுதுற வடிவம்) இல்லை.

ஸ்கீமாநேசன்:
ஜேசன் காப்பாத்தும்னு நான் எங்கே சொன்னேன்? வரியைக் காட்டுங்க.

வெல்டிங்லைன்:
குவாட்டர்னியன் வரிசைக்கு இன்னும் பதில் வரல, கவனிச்சீங்களா?

டீச்பென்டன்ட்:
நான் சொல்லிட்டேன், மறுபடி படிங்க. ஸ்கீமாநேசனுக்கு: பிழைச் செய்தியிலும் யூனிட் வரணும். "எல்லைக்கு வெளியே" னு மட்டும் திரும்பினா ஏஜென்ட் குருட்டுத்தனமா எண்ணை மாத்தி மாத்தி முயலும். "எக்ஸ்_எம்எம் = 1450, அனுமதி -1300 முதல் 1300" னு வந்தா அடுத்த அழைப்பிலேயே திருத்தும். பேர்ல யூனிட் இருந்தா இது தானா வந்துடும்.

ஸ்கீமாநேசன்:
பிழைச் செய்தியை ரேப்பர் எழுதும். அதுக்கு எக்ஸ் போதும்.

டீச்பென்டன்ட்:
எக்ஸ்_எம்எம்.