செயற்கைக்கோளுக்குச் சாவி தெரியுமா, தெரியாதா?

மணல்மேடு: செய்தியைப் பூட்டித் திறக்கும் ரகசிய எண்ணான சாவியைப் பற்றி நேற்று இன்னொரு இழையில் தீபஒளி எழுதியது: "ஒளியில் அனுப்பும் சாவி நடுவில் ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது. 2017 பெய்ஜிங்–வியன்னா வீடியோ அழைப்பே சாட்சி." படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அந்த அழைப்பில் சீனாவின் மீசியஸ் செயற்கைக்கோளுக்கு இரண்டு சாவியும் தெரியும். சீனாவின் சிங்லாங் நிலையத்தோடு ஒன்று, ஆஸ்திரியாவின் கிராட்ஸோடு ஒன்று. இரண்டையும் எக்ஸார் செய்து (பிட் பிட்டாக ஒப்பிட்டு, ஒன்றானால் 0, வேறானால் 1 என்று போட்டு), விடையைச் சாதாரண ரேடியோவில் கீழே சொன்னது. தெரியாமல் எப்படிச் சொல்லும்?

தீபஒளி: ஃபோட்டானை, அதாவது ஒளித்துகளை, வழியில் அளந்தால் அதன் நிலை கலையும், பிழை விகிதம் ஏறும், திருடன் மாட்டுவான். இந்த முறையை வகுத்த பென்னட்டும் பிரஸ்ஸார்டும் 1984இலேயே சொன்னது. முதலில் அடிப்படையைப் படியுங்கள்.

மணல்மேடு: வழியில் நிற்கிற திருடனைப் பற்றி யார் கேட்டது? செயற்கைக்கோளுக்குத் தெரியுமா, தெரியாதா?

கணிச்சி: 2020இல் பின்னிய ஃபோட்டான் ஜோடிகளை (ஒன்றை அளந்த விடையும் மற்றதன் விடையும் ஒத்துப்போகும் ஜோடிகளை) அனுப்பி, 1,120 கி.மீ. இடைவெளியில் இருந்த இரண்டு நிலையங்களுக்குச் சாவி உண்டாக்கினார்களே! அதில் செயற்கைக்கோளுக்கு ஒன்றும் தெரியாது. தீபஒளி சொன்னது சரி.

மணல்மேடு: அதன் வேகம் விநாடிக்கு 0.12 பிட். 128 பிட் சாவி ஒன்றுக்கே பதினெட்டு நிமிஷம் ஆகும். 2017இல் 75 நிமிஷ அழைப்பில் விநாடிக்கொரு சாவி மாற்றினார்கள். அவர் சாட்சிக்குக் கூப்பிட்டது 2017ஐ. அதில் செயற்கைக்கோளுக்குத் தெரியும்.

பாணன்: "சாவி" என்று எழுதுவதை நிறுத்துங்கள். "திறவுகோல்" என்ற நல்ல சொல் இருக்கிறது.

கணிச்சி: சாவி எல்லார் வீட்டிலும் தொங்குகிறது, பாணன். திறவுகோல் உங்கள் வீட்டில் மட்டும்தான்.

தீபஒளி: போன வருஷம் மணல்மேட்டின் கணக்கில் பிழை காட்டினேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. இஸ்ரோ 2021இல் அகமதாபாத்தில் 300 மீட்டருக்கு ஒளியில் சாவி அனுப்பிக் காட்டியதே, அதில் எந்தச் செயற்கைக்கோள் இருந்தது?

மணல்மேடு: அந்தப் பிழையை அன்றே நான்தான் திருத்தினேன், இழையைத் தோண்டிப் பாருங்கள். 300 மீட்டரில் எதிர்க் கட்டடம் கண்ணுக்குத் தெரியும். சிங்லாங்குக்கும் கிராட்ஸுக்கும் 7,600 கி.மீ. அதனால்தான் செயற்கைக்கோள் சாவியைச் சுமந்துகொண்டு உலகைச் சுற்றியது. சுமந்தவனுக்குத் தெரியாதா?

தீபஒளி: இஸ்ரோ என்றாலே சிலருக்கு இளக்காரம்.

மணல்மேடு: இஸ்ரோவை நான் எங்கே குறை சொன்னேன்? வரியை எடுத்துப் போடுங்கள்.

பாணன்: திறவுகோல்.

மணல்மேடு: தீபஒளி, தெரியுமா, தெரியாதா? ஆறாவது முறை கேட்கிறேன்.

கணிச்சி: நான்காவது முறை. எண்ணிப் பாருங்கள்.