அமெரிக்காவுல வேலை: பெர்ஃபார்மன்ஸ் சரியில்லைன்னு தூக்கிட்டாங்க, அன்எம்ப்ளாய்மென்ட் (வேலை போனவங்களுக்கு அரசு தர்ற பணம்) கிடைக்குமா? அவசரம்

மது_கே: வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹெச்.ஆர். கூப்பிட்டு வேலை இல்லைன்னுட்டாங்க. லெட்டர்ல "பணித்திறன் எதிர்பார்த்த அளவில் இல்லை"ன்னு ஒரே வரி. என் தப்புன்னு காசு தர மாட்டாங்களா? வாடகை தேதி நெருங்குது.

தென்றல்77: எந்த ஸ்டேட்? கிரீன் கார்டா, ஹெச்1பியா? ஹெச்1பி வேலை விசான்னா கவலையே வேற, நாட்டுல தங்கறதுக்கே 60 நாள் கெடு ஓட ஆரம்பிச்சிருக்கும்.

குமரன்_எஸ்: ராஜினாமா மாதிரி எதிலயாவது கையெழுத்து வாங்கினாங்களா? முதல்ல அதைச் சொல்லுங்க.

பழைய_ஆள்: தேடிப் பார்த்துட்டுக் கேட்கிற பழக்கமே போயிடுச்சு. மிஸ்கான்டக்ட்டுன்னா, அதாவது தப்பு நடத்தைன்னாதான் பணத்தை மறுப்பாங்க; வேலையை விட்டு எடுத்ததெல்லாம் மிஸ்கான்டக்ட் ஆகாது. 1941லயே ஒரு டாக்ஸி கம்பெனி வழக்குல விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு: வேணும்னே கம்பெனிக்குக் கேடு பண்றது வேற, திறமை போதாம போறது வேற. பல ஸ்டேட்ல இன்னிக்கும் அதுதான் அடிப்படை.

மது_கே: கலிஃபோர்னியா. கிரீன் கார்டு. எதுலயும் கையெழுத்துப் போடல. ரெண்டு மாசம் பி.ஐ.பி.ல (வேலையைச் சரிபண்ணிக்கக் கெடு வச்சுக் கண்காணிக்கிற திட்டம்) இருந்தேன்.

குமரன்_எஸ்: பி.ஐ.பி. பேச்சே எடுக்காதீங்க. "லேஆஃப்"னு, அதாவது ஆள் குறைப்புன்னு போட்டுடுங்க, எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க.

தென்றல்77: தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. இந்தப் பணத்தைத் தர்ற கலிஃபோர்னியா அரசுத் துறை இ.டி.டி. உங்க கம்பெனிக்கும் நோட்டீஸ் அனுப்பும். பொய் மாட்டினா அபராதம். உள்ளதைச் சொல்றதுதான் உங்களுக்கு பலம். பி.ஐ.பி. சமயத்துல மேனேஜருக்கு அனுப்பின மெயில் இருக்கா? முயற்சி பண்ணீங்கன்னு காட்ட அதைவிட வேற என்ன வேணும்? இந்த வாரமே விண்ணப்பம் போடுங்க, போடற வாரத்து ஞாயிறுலேர்ந்துதான் கணக்கு. முதல் வாரத்துக்குக் காசு கிடையாது. அப்புறம் வாரத்துக்கு அதிகபட்சம் 450 டாலர், 26 வாரம் வரைக்கும். மறுத்தா 30 நாளுக்குள்ள அப்பீல். அப்பீல் நடக்கறப்பவும் ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை சர்டிஃபை பண்றதை (இன்னும் தகுதி இருக்குன்னு உறுதி சொல்றதை) நிறுத்தாதீங்க.

சூர்யா_எல்: கூச்சப்படாம வாங்குங்க. நம்ம சம்பளத்துல பிடிச்ச காசுதானே.

பழைய_ஆள்: தப்பு. கலிஃபோர்னியால இதைக் கட்டறது முதலாளி மட்டும். உங்ககிட்ட பிடிக்கிறது எஸ்.டி.ஐ., உடம்பு முடியாம வேலை செய்ய முடியலைன்னா தர்ற இன்ஷூரன்ஸ்.

சூர்யா_எல்: நான் நியூஜெர்சி. என் பே ஸ்டப்ல அன்எம்ப்ளாய்மென்ட்டுன்னே தனி வரி இருக்கு.

பழைய_ஆள்: நியூஜெர்சில உண்டு. கேட்டவங்க இருக்கிறது கலிஃபோர்னியா.

சூர்யா_எல்: யார் கட்டினா என்ன, நாம உழைச்சதுக்குத்தான் கட்டறாங்க. பிச்சை இல்லைன்னுதான் சொல்ல வந்தேன்.

மது_கே: போன்ல இன்டர்வியூ முடிஞ்சுது. கடைசியா என்ன நடந்தது, முன்னாடி எச்சரிச்சாங்களான்னு கேட்டாங்க. வாராவாரம் மேனேஜருக்கு அனுப்பின மெயில்களைப் பத்திச் சொன்னேன். பணம் வந்துடுச்சு. தென்றல், ரொம்ப நன்றி.

ராகவி_டி: மது, போட்டதுலேர்ந்து எத்தனை நாள் ஆச்சு? நானும் இதே நிலைமைல இருக்கேன்.