ஓய்வு நாளிலும் ஓடும் பிள்ளைகள்: ஆர்வமா, நோயா?

கேள்வி:
நீண்ட தூரம் ஓடும் 15, 16 வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறேன். விடுமுறையிலும் ஓடுவது, மதியச் சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவது, இரண்டும் சேர்ந்து வந்தால் ஆர்வம் என்று விட்டுவிடலாமா? எப்போது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்?

பதில்:
சார், எத்தனை மணி நேரம் ஓடுறாங்கன்னு மட்டும் பார்க்காதீங்க. ஓட முடியாத நாள்ல என்ன நடக்குதுன்னு கவனிங்க. மழையால பயிற்சி நின்னா வருத்தம் வர்றது இயல்பு. அதுக்காக அன்னைக்குச் சாப்பாட்டக் குறைச்சா, ராத்திரி கதவச் சாத்திக்கிட்டு குதிச்சா, காய்ச்சலோட ஓடினா, அது ஆர்வமில்ல, நிறுத்த முடியாத மனக்கட்டாயம். 'ஓடினாத்தான் சாப்பிடலாம்'ங்கற கணக்கு மனசுல உக்காந்துட்டாலே பேச வேண்டிய நேரம் வந்தாச்சு. எடை சரியா இருக்கேன்னு சமாதானம் ஆகாதீங்க, எடை குறையாமலும் இந்த உணவுக் கோளாறு வரும். பையன்கள்கிட்ட 'சிக்ஸ் பேக்' ஆசைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும்.

பதில்:
பிடிவாதம் என்று திட்டிப் பயனில்லை. எலிகளுக்கு நாளில் ஒரு மணி நேரம் மட்டும் தீனி வைத்து, மற்ற நேரம் சுழல்சக்கரத்தில் ஓடவிட்ட ஆய்வுகள் 1960களிலேயே நடந்தன. அவை தின்பதைக் குறைத்து, ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போய் மெலிந்தன. தடுக்காவிட்டால் செத்தும் போயின. சக்கரம் இல்லாத எலிகள் அதே ஒரு மணி நேரத் தீனிக்குப் பழகிவிட்டன. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனைச் செலுத்தியபோது அந்த ஓட்டம் தணிந்தது. மனிதர் எலியல்ல, ஆனாலும் பட்டினியே ஓட்டத்தைத் தூண்டக்கூடும் என்பதால்தான் சிகிச்சையில் சாப்பாட்டுக்கு முதலிடம்.

பதில்:
உடல் காட்டும் குறிகளைச் சொல்கிறேன். செலவழிக்கும் ஆற்றலுக்கு உணவு ஈடுகொடுக்காதபோது வரும் கோளாறுகளுக்குப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் 'ரெட்-எஸ்' என்று பெயரிட்டது. இருக்கும் ஆற்றலை இதயத்துக்கும் மூளைக்கும் ஒதுக்கிவிட்டு, மாதவிடாயையும் எலும்பு வளர்ச்சியையும் உடல் தள்ளிவைக்கிறது. 3 மாதம் மாதவிடாய் நின்றால் 'கடும் பயிற்சியில் சகஜம்' என்று விடக்கூடாது. கருத்தடை மாத்திரை உதிரப்போக்கை வரவழைக்கும், ஆனால் இழந்த எலும்பை மீட்டுத்தராது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எலும்பு விரிசல் கண்டாலும் உணவைப் பற்றிக் கேளுங்கள்.

பகலில் நாடித்துடிப்பு 50க்குக் கீழே போனால் பயிற்சியால் வலுவாகி மெதுவாகத் துடிக்கும் 'ஓட்டக்காரர் இதயம்' என்று மகிழ வேண்டாம். சாப்பாடும் குறைந்திருந்தால், எழும்போது மயக்கம் வந்தால், அன்றே மருத்துவமனை. ஈசிஜியும், ரத்தத்திலுள்ள பொட்டாசியம், பாஸ்பேட் உப்புகளின் அளவும் பார்க்கச் சொல்லுங்கள். மிகவும் மெலிந்த பிள்ளைக்கு வீட்டிலேயே திடீரென நிறைய ஊட்டுவது ஆபத்து: இன்சுலின் ஏறி, ரத்தத்திலுள்ள பாஸ்பேட் செல்களுக்குள் போய்விடும், இதயம் தடுமாறும்.

கேட்டவர்:
நன்றி. பெற்றோரிடம் எப்படித் தொடங்குவது?

பதில்:
எடையைப் பத்திப் பேசாதீங்க சார். 'மூணு வாரமா மதியம் சாப்பிடல, கால்வலியோட ஓடுறா'ன்னு பார்த்தத மட்டும் சொல்லுங்க. குற்றம் சாட்டாதீங்க, அவங்கதான் சிகிச்சைக்குத் துணை. நீங்க செய்ய வேண்டியது, எல்லார் முன்னாடியும் எடை பார்க்கறத இன்னைக்கே நிறுத்துறது. டாக்டர் சொல்ற வரைக்கும் ஓட்டம் வேண்டாம், ஆனா அணியிலிருந்து நீக்காதீங்க. மைதானத்துக்கு வரட்டும், ஸ்டாப்வாட்ச் பிடிக்கட்டும்.